உடலியங்கியலா, ஊட்டச்சத்தா, உடற்பயிற்சியா? சேலத்துக் கேள்விகளும் என் பதில்களும்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து இந்த மூன்று படிப்புகளைப் பற்றிச் சேலம் வட்டாரத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருத்துவமனை உணவுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரி ஆசிரியையானவள் நான். பதில்கள் சோற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆத்தூர் மாணவி): வணக்கம் மேடம். உயிரியல் பிரிவில் படித்தேன். மருத்துவம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. மனித உடலியங்கியல், ஊட்டச்சத்தியல், உடற்பயிற்சி அறிவியல் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. என்ன வித்தியாசம்?

பதில்: முதல் ஆண்டில் மூன்றும் அக்கா தங்கைகள்தாம். ரத்த ஓட்டம், செரிமானம், உயிர்வேதியியல் எல்லாம் பொது. அதன் பிறகு வழி பிரியும். ஓர் ஆள் ஒரு கவளம் சோறு உண்கிறார் என்று வைத்துக்கொள். அது குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறியதும் கணையம் எப்படி இன்சுலினைச் சுரக்கிறது என்று கேட்பது உடலியங்கியல். அந்த ஆளுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் எத்தனை கவளம், கூட என்ன காய் என்று கேட்பது ஊட்டச்சத்தியல். அதே குளுக்கோஸ் தொடைத் தசையில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்ந்து, அவர் ஓடும்போது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பது உடற்பயிற்சி அறிவியல்.

உடலியங்கியலைத் தனி இளநிலைப் பட்டமாகப் படிப்பது வங்காளத்தில் பழைய வழக்கம். கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் 1900-லேயே அதற்குத் தனித்துறை வந்துவிட்டது. நம் பக்கம் அது பெரும்பாலும் மருத்துவம், இயன்முறை மருத்துவம், ஊட்டச்சத்தியல் ஆகியவற்றுக்குள் ஒரு பாடமாகத்தான் வரும். ஆகவே சேலத்தைச் சுற்றித் தேடினால் ஊட்டச்சத்தியல்தான் எளிதாகக் கிடைக்கும். பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பார். உயிர்வேதியியல் எத்தனை பருவங்கள், செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மருத்துவமனைப் பயிற்சி உண்டா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லாத கல்லூரியில் கட்டணம் கட்டாதே.

கேள்வி (அம்மாப்பேட்டை, தறித் தொழிலாளி): அம்மா, மகள் ஊட்டச்சத்துப் படிப்புக்கு ஆசைப்படுகிறாள். மூன்று வருடம் படிக்க வைத்தால் வேலை கிடைக்குமா?

பதில்: ஐயா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இளநிலையோடு நிறுத்தினால் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். இந்திய உணவியல் சங்கத்தின் ‘பதிவு பெற்ற உணவியல் நிபுணர்’ தேர்வுக்கு முதுநிலைப் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். பெரிய மருத்துவமனைகள் கேட்பது அந்தத் தகுதியைத்தான். எனவே ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போடுங்கள். பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உணவு அறிவியல் துறை இருப்பதால் மகள் முதுநிலைக்கு வெளியூர் போயே ஆகவேண்டும் என்பதில்லை.

இரண்டு செய்திகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 2021-இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் உணவியல் நிபுணர்களையும் ஊட்டச்சத்து நிபுணர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளும் காலம் மெல்ல முடியும். இன்னொன்று, ‘உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகலாம்’ என்று கல்லூரி விளம்பரத்தில் வந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிகளில் அந்தப் பணிக்கு உணவுத் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று பட்டங்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார்கள். ஊட்டச்சத்தியல் என்ற பெயர் அந்த வரிசையில் வரவில்லை. தேர்வு அறிவிக்கையைப் படித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

கேள்வி (ஓமலூர், 800 மீட்டர் ஓட்டக்காரர்): மேடம், ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கி ஓடினால் ரத்தத்தில் சிவப்பணு கூடும் என்கிறார்கள். உண்மையா? இதையெல்லாம் உடற்பயிற்சி அறிவியலில் சொல்லித் தருவார்களா?

பதில்: சொல்லித் தருவார்கள் தம்பி. இந்தக் கேள்வியே அந்தப் படிப்பின் நல்ல மாதிரி.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான், குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 85 விழுக்காடு இருக்கும். சிறுநீரகம் ஆக்சிஜன் பற்றாக்குறையை உணர்ந்து எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டிச் சுரந்தால்தான் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கும். அது சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நடக்க 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நான்கு வாரங்கள் தங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர். அங்கே நெடுந்தூர ஓட்டக்காரர்கள் திணறினார்கள். காற்றுத்தடை குறைந்ததும் கைகொடுக்க, நீளம் தாண்டுதலில் அமெரிக்க வீரர் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். ஏற்காடு அந்தக் கணக்கில் வராது.

ஆனால் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் வீண்போகாது. ஏற்றத்தில் ஓடினால் தொடையும் பின்புறத் தசையும் வலுப்பெறும். இறக்கத்தில் மட்டும் வேகம் வேண்டாம். தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் மறுநாள் படியிறங்க முடியாது. வாகனங்களுக்கும் ஒதுங்கி ஓடு.

இன்னொன்று சொல்லட்டுமா? உனக்குக் கீழே ஓமலூர் வெயிலே ஒரு பயிற்சிக்கூடம். வெப்பத்தில் கவனமாக, படிப்படியாக ஓடினால் பத்துப் பதினான்கு நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு இறங்கும். காசு கொடுத்து மலையில் தேடுவதில் ஒரு பங்கு கீழேயே இருக்கிறது. தண்ணீரும் உப்பும் இல்லாமல், தனியாக இதைச் செய்யாதே.

கேள்வி: வணிகவியல் பிரிவில் படித்தவள். சேரலாமா?

பதில்: ஊட்டச்சத்தியலுக்குப் பல கல்லூரிகள் அறிவியல் பிரிவோ மனையியலோ கேட்கின்றன. பிடிவாதமாக விருப்பம் இருந்தால் உடற்கல்விப் பட்டப்படிப்புகளைப் பார். அங்கே உடல்தகுதித் தேர்வுதான் பெரிய தடை.

கேள்வி (மேட்டூர் மாணவர்): எனக்குக் கணக்கு வராது. இந்தப் படிப்பில் கணக்கு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பயப்படும்படி இல்லை. ஹார்வர்டு படியேற்றச் சோதனை என்று ஒரு செய்முறை இருக்கிறது. ஐம்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் நிமிடத்துக்கு 30 முறை, ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். முடிந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து அரை நிமிடம் நாடி பார்ப்பார்கள். இரண்டாம், மூன்றாம் நிமிட முடிவிலும் அப்படியே. எண்கள் 75, 60, 50 என்று வைத்துக்கொள். கூட்டினால் 185, இரட்டித்தால் 370. ஏறி இறங்கிய 300 விநாடியை 100-ஆல் பெருக்கி 370-ஆல் வகுத்தால் 81. எண்பதைத் தாண்டினால் ‘நன்று’. இவ்வளவுதான் கணக்கு. வகுப்பில் பெரும்பாலோர் தடுமாறுவது வகுத்தலில் இல்லை, மூச்சிரைக்கும் நண்பனின் மணிக்கட்டில் நாடியைக் கண்டுபிடிப்பதில். பின்னால் புள்ளியியல் ஒரு தாள் வரும், அதையும் சமாளித்துவிடலாம்.

கேள்வி (அஸ்தம்பட்டி, உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளர்): மூன்று மாதச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். பட்டம் எதற்கு? புரதப் பொடி பற்றியெல்லாம் எனக்கே தெரியுமே.

பதில்: சரி, வருகிறவர் 60 கிலோ எடை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது நாளுக்கு 50 கிராம். எடை தூக்குபவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை போகலாம். இதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்குச் சிறுநீரக நோய் தொடக்கத்தில் இருந்தால்? ரத்த அழுத்த மாத்திரை நாடித்துடிப்பை அடக்கி வைத்திருந்தால், எந்தத் துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையை முடிவு செய்வீர்கள்? பட்டம் அதற்குத்தான். பொடி டப்பாவுக்கு முன்னால் கொள்ளுப் பயறையும் பாருங்கள். 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். முட்டை ஒன்றில் ஆறு.

கேள்வி (ஏற்காடு மலைக்கிராம மாணவி): எங்கள் ஊரில் சாமை விளைகிறது. இப்போது எல்லோரும் ரேஷன் அரிசிதான். இந்தப் படிப்பு எங்கள் ஊருக்கு உதவுமா அக்கா?

பதில்: இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. நீ கற்கப்போகும் முதல் கருவி ‘24 மணி நேர உணவு நினைவுகூரல்’. ஒருவரிடம் உட்கார்ந்து நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை உண்டதைக் கேட்பது. ‘கொஞ்சம் சோறு’ என்பார்கள். எந்தக் கிண்ணம், எத்தனை கரண்டி என்று எடுத்து வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். சேலம் நகரத்தில் கேட்டால் மூன்று வேளையும் ஒழுங்காகச் சொல்வார்கள். சாயங்காலம் தெருவோரம் நின்று தின்ற தட்டுவடை செட் கணக்கிலேயே வராது. நின்றபடி தின்றதை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. அதைத் துருவிக் கேட்டு வாங்குவதுதான் திறமை.

மலையில் உன்னைவிட நன்றாக இதை யார் கேட்க முடியும்? வெளியாள் கேட்டால் சாமைக்களியைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். இன்னொரு பக்கம், சேலத்தின் பெருமையான ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுக்கும்போது பாலோ பருப்போ ஏன் சேர வேண்டும் என்று உன் ஊரில் நீ சொன்னால் கேட்பார்கள். விடுதி, உதவித்தொகை விவரங்களுக்குப் பழங்குடியினர் நலத்துறை அலுவலகத்தில் விசாரி. சாதிச் சான்றிதழை இப்போதே கையில் வைத்துக்கொள்; சேர்க்கை நேரத்தில் அதற்காக மலை இறங்கி ஏறாதே.

கேள்வி: இயன்முறை மருத்துவமா, உடற்பயிற்சி அறிவியலா?

பதில்: அடிபட்டவரை நடக்க வைக்க ஆசையா, நடப்பவரை ஓட வைக்க ஆசையா? முதலாவதென்றால் இயன்முறை மருத்துவம். படிப்பு நீளம், ஆனால் தனியாகத் தொழில் செய்ய அதில்தான் வழி தெளிவாக இருக்கிறது.

கேள்வி: இதைப் படித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா?

பதில்: முனைவர் பட்டம் வாங்கினால் போடலாம். அப்போதும் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது.