பிளிமத் காரை ஒரு விளம்பரம்தான் தூக்கி நிறுத்தியது என்கிறார்களே, உண்மையா? பிறகு ஏன் அது காணாமல் போனது?

பாதி உண்மை. நீங்கள் சொல்லும் விளம்பரம் 1932 ஏப்ரலில் வந்தது. பிளிமத்தை அமெரிக்காவின் மூன்று பெரிய மலிவு விலைக் கார்களில் ஒன்றாக மக்கள் மனதில் பதியவைத்தது அதுதான். ஆனால் அந்த விளம்பரத்துக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, அது காருக்குள்ளேயே இருந்தது. பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த கார் விளம்பரங்களைத் தேடிப் பார்ப்பதில் எனக்கு நீண்ட நாளாகவே ஆர்வம் உண்டு. பிளிமத் விளம்பரங்களை வருட வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால், கார் எப்போது வலுவாக இருந்தது, எப்போது வலுவிழந்தது என்பது விற்பனைக் கணக்கைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

முதலில் கார் பிறந்த கதை. 1920களில் மலிவு விலை கார் என்றால் ஃபோர்டு, அதற்கு அடுத்து செவ்ரலே. 1927 மே மாதம் ஃபோர்டு தன் மாடல் டி காரை நிறுத்தியது. அடுத்த காரான மாடல் ஏ வெளிவர டிசம்பர் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் சந்தை கொஞ்சம் திறந்து கிடந்தது. வால்டர் கிரைஸ்லர் அப்போது தயாராக இருந்தார். ரயில்வே பட்டறையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர், பிறகு ப்யூக் கம்பெனியை நடத்தியவர், நொடித்துப்போயிருந்த மேக்ஸ்வெல் கம்பெனியைக் கையில் எடுத்து அதை 1925ல் கிரைஸ்லர் கார்ப்பரேஷனாக மாற்றியவர். அந்தப் பழைய மேக்ஸ்வெல்லின் நான்கு சிலிண்டர் வழியில் வந்ததுதான் 1928 ஜூலையில் வெளியான முதல் பிளிமத்.

பெயரை யோசித்துச் சொன்னவர் ஜோ ஃப்ரேசர் என்ற விற்பனை அதிகாரி என்பார்கள். அறுவடைக் கட்டுகளைக் கட்ட விவசாயிகள் வாங்கும் கயிறு ஒன்று அதே பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் கிரைஸ்லருக்கு உடனே பிடித்துப்போனதாம். விளம்பரத்தில் மட்டும் மேஃப்ளவர் கப்பலும், இங்கிலாந்திலிருந்து அதில் வந்து அமெரிக்காவின் பிளிமத் என்ற இடத்தில் குடியேறிய முன்னோர்களும்தான் இருந்தார்கள்.

விலை 670 டாலரில் தொடங்கியது. இது ஃபோர்டையும் செவ்ரலேயையும் விட அதிகம். ஆனாலும் வாங்கினார்கள், காரணம் பிரேக். நான்கு சக்கரத்துக்கும் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், அதுவும் கூடுதல் காசு இல்லாமல். செவ்ரலே அதற்கு வர 1936 ஆனது, ஃபோர்டு 1939 வரை இழுத்தது. ஒரு குடும்பத் தலைவர் பல வருடம் முன்னதாகவே நல்ல பிரேக் உள்ள காரை மலிவு விலைப் பிரிவில் வாங்க முடிந்தது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. எனக்குப் பிளிமத் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அடுத்து 1929ன் பங்குச் சந்தை வீழ்ச்சி. விலையுயர்ந்த கார்கள் அப்படியே தேங்கி நின்றன. 1930ல் கிரைஸ்லர் ஒரு முடிவெடுத்தார். அதுவரை கிரைஸ்லர் டீலர்களிடம் மட்டும் கிடைத்த பிளிமத்தை, தன் நிறுவனத்தின் மற்ற கார்களான டாட்ஜ், டிசோட்டோவை விற்கும் டீலர்களும் விற்கலாம் என்று திறந்துவிட்டார். பெரிய கார் போகாவிட்டாலும் பிளிமத் போகும், டீலர் கடையை மூட வேண்டாம். ஒரே அடியில் நாடு முழுக்கக் காருக்குக் கடைகள் கிடைத்தன. விளம்பரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் இது விளம்பரத்துக்குச் சமமான காரணம்.

1931ல் வந்த பிஏ மாடலில் இன்னொரு விஷயம் சேர்ந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே உதறும், அந்த உதறல் சேசிஸ் என்ற அடிச்சட்டம் வழியாக உட்கார்ந்திருப்பவர் முதுகு வரை வரும். கிரைஸ்லரின் இன்ஜினியர்கள் இன்ஜினை முன்னால் உயரத்தில் ஓரிடத்திலும், பின்னால் கீழே ஓரிடத்திலும் ரப்பர் வைத்துத் தாங்கினார்கள். இரண்டு இடங்களையும் இணைக்கும் கோடு இன்ஜினின் எடைமையம் வழியே போகும். அதனால் இன்ஜின் தன் அச்சிலேயே ஆடிக்கொள்ளும், உடம்புக்கு அதிர்வு வராது. இதற்கு ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயர் வைத்தார்கள். எட்டு சிலிண்டர் காரின் மென்மை, நான்கு சிலிண்டர் காரின் சிக்கனம் என்று விளம்பரம் செய்தார்கள். பிரான்சில் சிட்ரோயன் நிறுவனம் இதே முறையை உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது.

அந்தக் காரில் ஒன்றை கிரைஸ்லர் தானே ஓட்டிக்கொண்டு ஹென்றி ஃபோர்டைப் பார்க்கப் போனார். ஹென்றியையும் மகன் எட்செலையும் ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு, காரை அவர்களுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டு, டாக்சி பிடித்து வீட்டுக்குத் திரும்பினார். போட்டியாளர் கையில் தன் காரைக் கொடுக்கிற துணிச்சல் இருக்கிறதே, அதுதான் அடுத்த வருடம் விளம்பரமாக வந்தது.

சரி, இப்போது அந்த விளம்பரம். 1932 வசந்தத்தில் ஃபோர்டு தன் வி8 காரை வெளியிட்டது. மலிவு விலையில் எட்டு சிலிண்டர்! நாடே அதைப் பார்க்கக் கூடியது. பிளிமத்திடம் இருந்தது நான்கு சிலிண்டர்தான். அந்த நேரத்தில் ஸ்டெர்லிங் கெட்செல் என்ற, அப்போது முப்பத்து சொச்சம் வயதுள்ள விளம்பரக்காரர் ஒரு பக்கத்தை வடிவமைத்தார். அவருடைய ஏஜென்சி தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. பக்கத்தில் அழகான ஓவியம் இல்லை, பணக்காரப் பெண்மணி இல்லை, மாளிகை இல்லை. வால்டர் கிரைஸ்லரே தன் காருடன் நிற்கும் புகைப்படம். மேலே பெரிய எழுத்தில் ‘மூன்றையும் பாருங்கள்’ என்ற பொருளில் ஒரே வரி. புதிய பிளிமத்தை ஓட்டிப் பார்க்காமல் எந்த மலிவு விலைக் காரையும் வாங்கிவிடாதீர்கள் என்பது அதன் தொடர்ச்சி.

இது ஏன் வேலை செய்தது? அந்த நாளில் போட்டியாளரின் காரைப் போய்ப் பார் என்று கம்பெனிகள் சொல்வது வழக்கம் இல்லை. அவர்கள் பெயரையும் குறிப்பிடவில்லை, ஆனால் படிக்கிற யாருக்கும் மற்ற இரண்டு எவை என்று தெரியும். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதுவரை மக்கள் மனதில் இரண்டு கார்தான் இருந்தன. ‘மூன்று’ என்று சொன்னதுமே பிளிமத் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்றும் ஒரே தரம் என்று எங்கும் வாதாடவில்லை, அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம் என்பதுபோலப் பேசியது. ஃபோர்டு செலவு செய்து கூட்டிய கூட்டத்தில் ஒரு பகுதி பிளிமத் கடைக்குள்ளும் வந்தது. வந்தவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். இன்ஜின் உதறவில்லை, பிரேக் பிடித்தது. அங்கே கார் ஏமாற்றியிருந்தால் அந்த வரி ஒரு மாதத்தில் செத்திருக்கும். பிளிமத்தின் விளம்பரப் பொறுப்பு அதற்குப் பிறகு கெட்செலிடம் போனது. பெரிய புகைப்படம், செய்தித்தாள் தலைப்பு போன்ற வரி என்ற அவருடைய பாணியைப் பலரும் பின்பற்றினார்கள். 1940ல், இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

1933ல் ஆறு சிலிண்டர் பிளிமத் வந்தது. முதலில் நீளம் குறைவாக இருந்ததால் மக்களுக்குப் பிடிக்கவில்லை, அதே வருடம் நீட்டிச் சரிசெய்தார்கள். 1934ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருபது வருடம் ஃபோர்டு, செவ்ரலேவுக்கு அடுத்த மூன்றாம் இடத்தில் பிளிமத் அசையாமல் இருந்தது. இந்தியாவில்கூட 1940களின் கடைசியிலிருந்து மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், பிளிமத் கார்களைப் பாகங்கள் சேர்த்துப் பூட்டி விற்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருப்பது அதனால்தான்.

போருக்குப் பிறகு நிறுவனத்தை நடத்திய கே.டி. கெல்லர், தொப்பியோடு ஏறி உட்கார முடிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். உயரமான, பெட்டி மாதிரியான, உழைக்கும் கார்கள். மக்களோ தாழ்வான நீளமான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 1954ல் பிளிமத் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது.

பதிலாக வர்ஜில் எக்ஸ்னர் வரைந்த 1957 மாடல் வந்தது. பின்பக்கம் உயர்ந்த வால்கள், தாழ்ந்த கூரை, மெலிந்த தூண்கள். விளம்பரம் ‘திடீரென்று 1960 வந்துவிட்டது’ என்றது. மூன்று வருடம் முன்னால் பாய்ந்துவிட்டோம் என்ற செருக்கு அந்த வரியில் இருந்தது. காரைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஏழு லட்சத்துக்கும் மேல் விற்று மூன்றாம் இடம் மீண்டது. ஆனால் அவசரமாகத் தயாரித்த கார் அது. மழை பெய்தால் உள்ளே ஒழுகியது, சீக்கிரமே துருப்பிடித்தது, முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங் போல வேலை செய்யும் டார்ஷன் பார்கள் என்ற கம்பிகள் உடைந்தன. பல வருடமாக ‘உறுதியான கார்’ என்று சேர்த்த பெயர் ஒரே சீசனில் கரைந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். நல்ல வரி, நல்ல வடிவம், இரண்டையும் தொழிற்சாலை கைவிட்டது. அதே 1957ல் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரத்தில் ஒரு புத்தம்புது பிளிமத்தை ஐம்பது வருடம் கழித்துத் திறக்க வேண்டும் என்று நிலவறையில் வைத்து மூடினார்கள், கூடவே கொஞ்சம் பெட்ரோலும் வைத்தார்கள். 2007ல் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, கார் முழுக்கத் துரு.

உண்மையான சறுக்கல் 1960ல் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். டாட்ஜ் டீலர்களிடமிருந்து பிளிமத்தை எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த கார் இல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? டாட்ஜ் டார்ட் என்ற மலிவு விலைக் காரைக் கொடுத்தார்கள். 1930ல் கிரைஸ்லர் செய்ததை அப்படியே தலைகீழாக்கியாயிற்று. அன்று மூன்று கடைகளும் சேர்ந்து ஒரு காரை விற்றன. இனி ஒரே நிறுவனத்தின் இரண்டு கடைகள் ஒரே வாடிக்கையாளரைப் பிடித்து இழுக்கத் தொடங்கின. போதாததற்கு, செவ்ரலே சின்னதாகப் போகிறது என்ற தவறான பேச்சை நம்பி 1962 பிளிமத்தைச் சுருக்கினார்கள். விற்பனை விழுந்தது.

நடுவில் நல்ல நாட்களும் உண்டு. 1968ன் ரோட் ரன்னர் எனக்கு மிகவும் பிடித்தது. நீண்ட சீட், தரையில் ரப்பர் விரிப்பு, அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் வலுவான இன்ஜின், விலை 2,896 டாலர். கார்ட்டூன் பறவையின் பெயருக்கு வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, ‘பீப் பீப்’ என்று அந்தப் பறவை மாதிரியே கத்தும் ஹாரனையும் வைத்தார்கள். காசு எங்கே போனது என்பது இளைஞனுக்குத் தெரிந்தது: இன்ஜினில். முதல் வருடமே நாற்பதாயிரத்துக்கு மேல் போனது. மலிவு விலைக் கார் என்ற அடையாளத்தை வெட்கப்படாமல் பெருமையாக்கிய கார் அது.

1979ல் நிறுவனமே மூழ்கப் பார்த்து, அரசாங்க உத்தரவாதத்தில் கடன் வாங்கிப் பிழைத்தது. அப்போது நிறுவனத்தின் தலைவர் லீ ஐயகோக்கா தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, இதைவிட நல்ல கார் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்றார். 1932ன் குரலேதான். பிளிமத் ரிலையன்ட், 1984ன் வாயேஜர் மினிவேன், இரண்டும் அந்த வார்த்தையைக் காப்பாற்றிய கார்கள். ஆனால் ரிலையன்டுக்கு டாட்ஜ் ஏரிஸ் என்ற இரட்டை, வாயேஜருக்கு டாட்ஜ் கேரவன் என்ற இரட்டை. ஒரே துணியில் தைத்து இரண்டு கடையில் தொங்கவிட்ட சட்டைகள். 1994ல் வந்த நியான் இன்னும் மோசம், அதற்குப் பெயரில்கூட வித்தியாசம் இல்லை. ‘ஹாய்’ என்று சிரித்த அதன் விளம்பரம் அழகானது, எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பிளிமத் கடைக்குப் போக ஒரு காரணமும் இல்லை, டாட்ஜ் கடையிலும் அதே கார்தான். ஷாப்பிங் மால்களில் கடை போட்டார்கள், மேஃப்ளவர் கப்பல் சின்னத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ப்ரௌலர் என்ற விநோதமான இரண்டு சீட் காரை விட்டார்கள். ‘மூன்றையும் பாருங்கள்’ என்று சொல்ல இடமே இல்லாமல் போயிருந்தது.

1998ல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்துடன் இணைப்பு, 1999 நவம்பரில் மூடும் அறிவிப்பு, 2001 ஜூன் 28 அன்று இல்லினாய் மாநிலம் பெல்விடியர் ஆலையிலிருந்து கடைசி பிளிமத், ஒரு நியான். பிளிமத்துக்காக யோசித்த பிடி க்ரூஸர் கிரைஸ்லர் பெயரில் வந்து நன்றாகவே விற்றது. வாயேஜரும் ப்ரௌலரும் கிரைஸ்லர் ஆயின, நியான் டாட்ஜாகவே தொடர்ந்தது. எடுத்தது பெயரை மட்டும்தான், கார்கள் எல்லாம் அதே ஆலைகளிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன.