பக்கத்து வீட்டுச் செப்டிக் தொட்டியும் எங்கள் கிணறும்

கேள்வி: தெலுக் பகாங்கில் கடலையொட்டிய கம்பத்து (கிராமத்து) வீடு எங்களுடையது. குழாய்த் தண்ணீர் இருந்தாலும் குளிக்கவும் துணி துவைக்கவும் அப்பா காலத்துக் கிணறுதான். பக்கத்து வீட்டை வாங்கியவர் அதை ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார். பள்ளி விடுமுறை என்றால் 15 பேர் வரை தங்குகிறார்கள். அவர்கள் வந்துபோன பிறகு கிணற்றில் நாற்றம். கேட்டால், "பூமிக்கடியில் ஓடுற தண்ணி உங்க சொத்தா?" என்கிறார். சுற்றுச்சூழல் துறையில் புகார் செய்யலாமா? (வாசகி, பினாங்கு)

பதில்: அம்மா, அவருடைய கேள்விக்கு 1885-லேயே இங்கிலாந்தில் பதில் சொல்லியாகிவிட்டது. பல்லார்ட் எதிர் டாம்லின்சன் என்ற வழக்கு. கிணற்று நீரை நம்பி பீர் காய்ச்சியவர் ஒருவர். பயன்படாத தன் கிணற்றில் கழிவறைக் கழிவை விட்டவர் பக்கத்து அச்சகக்காரர். நிலத்தடி நீர் யாருக்கும் சொந்தமில்லை என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால், அதை இறைத்துக்கொள்ளும் உரிமை உள்ளவரிடம் அது வந்து சேருமுன் கெடுத்துவிட இன்னொருவருக்கு உரிமை இல்லை என்றது. இங்கிலாந்துத் தீர்ப்பு நமக்கு எதற்கு என்பீர்கள். மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அதற்கு இங்கே வழிவிடுகிறது.

சுற்றுச்சூழல் துறைக்கு அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். 2009-ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிமுறைகள், 150 பேருக்கும் குறைவான அளவுள்ள குடியிருப்பு, வணிக இடங்களைத் தொடுவதில்லை. உங்கள் விவகாரம் மாநகர் மன்றத்தின் வேலை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவின்படி, தொல்லையை நீக்கச் சொல்லி அவர்கள் நோட்டீஸ் கொடுக்கலாம். கழிவு பொது லோங்காங்கில் (சாக்கடையில்) வழிகிறதா என்றும் பாருங்கள். வழிந்தால் 69-ஆம் பிரிவும் சேரும்: 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குடியிருப்பு வீட்டைத் தங்கும் விடுதியாக்க அனுமதி வாங்கினாரா என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

நாற்றத்தின் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நம் நாட்டில் ஒரு வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று வைத்துத்தான் கழிவுநீர் அளவைக் கணக்கிடுகிறார்கள். 1,125 லிட்டருக்கான தொட்டியில் 15 பேரின் 3,375 லிட்டர் போனால் கசடு அடியில் தங்க நேரமே இல்லை. அப்படியே வெளியே தள்ளப்படும். கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். மண் வடிகட்ட இடமேது? ஒன்று கவனியுங்கள்: நீங்கள் மோட்டார் போட்டு அதிகம் இறைத்தால் சுற்றிலும் உள்ள நீர் உங்கள் கிணற்றை நோக்கித்தான் வரும், அவருடைய கழிவும் கூடவே. கடல் உப்பும் ஏறலாம்.

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயம். உங்கள் வீட்டுச் செப்டிக் தொட்டியைக் கடைசியாக எப்போது அள்ளினீர்கள்? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். 2006-ஆம் ஆண்டு நீர் சேவைத் தொழில் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி தொட்டியைக் காலத்தில் அள்ளுவது உரிமையாளரின் கடமை. தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். அந்தச் சட்டம் அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். முதலில் லோரியைக் கூப்பிட்டு உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் கிணறு நாறினால் உங்கள் பக்கம் வலுவாகும்.

அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் விசாரித்து, அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் அறிக்கைக்கு மதிப்பில்லை. விருந்தினர் இல்லாத வாரம் ஒன்று, நிரம்பியிருக்கும் வாரம் ஒன்று என்று இரண்டு மாதிரி எடுங்கள். ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி), அமோனியா, நைட்ரேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வித்தியாசத்தைக் காட்டும் அறிக்கைதான் வழக்கின் முதுகெலும்பு. ஆதாரம் தேடுகிறேன் என்று அவர் வளாகத்துக்குள் மட்டும் போய்விடாதீர்கள். அத்துமீறல் வழக்கு உங்கள்மேல் வரும்.

அறிக்கை கையில் வந்ததும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். பெரும்பாலும் அதிலேயே ஆள் இறங்கி வருவார், ஹோம்ஸ்டே நடத்துபவருக்குப் பெயர் முக்கியம். இறங்காவிட்டால் தொல்லை வழக்குத் தொடுத்து இழப்பீடும் தடையுத்தரவும் கேட்கலாம். 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி உங்களுக்கு 6 ஆண்டுகள் உண்டு. ஆனால் நாற்றம் வந்த தேதிகளை இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அறிக்கை வரும்வரை அந்தத் தண்ணீரில் பல் துலக்கக்கூட வேண்டாம்.