பந்து விழும் இடம்: பெட்டாங் கேள்வி பதில்

ஜாக் என்னும் சின்னக் குறிப்பந்துக்கு மிக அருகில் இரும்புப் பந்துகளை வீசி நிறுத்தும் ஆட்டம்தான் பெட்டாங். அதில் தரையைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, எந்தப் பந்து வாங்கலாம் என்பதுதான். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அண்ணே, தெம்பனிஸில் எங்கள் புளோக் பக்கத்துச் சரளைக் களத்தில் நன்றாக ஆடுகிறேன். ஈசூனில் நண்பர் ஆடும் களத்தில் பந்தெல்லாம் ஜாக்கைத் தாண்டி ஓடுகிறது. கை கெட்டுப்போச்சா?

கைக்கு ஒன்றும் இல்லை தம்பி. உங்கள் களத்தில் சரளை கனமாக இருக்கும். விழுந்ததுமே பந்தின் வேகத்தைத் தின்றுவிடும். அங்கே மேலே கொஞ்சம் கல்தூள், அடியில் இறுகிய மண்ணாக இருக்கலாம். ஜாக்கை வீசப்போகிறவர் தன் பந்தால் தரையை மூன்று முறை வரை தட்டிப் பார்க்க விதி இடம் தருகிறது. நம்மில் யாரும் அதைச் செய்வதில்லை! 'டொக்' என்று கேட்டால் இறுகிய தரை: பந்தை முன்னாலேயே இறக்கி உருள விடுங்கள். 'சொத்' என்றால் ஜாக்குக்கு அருகில் தூக்கிப் போடுங்கள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விட்டால் பந்து பின்சுழற்சியோடு போய்ச் சீக்கிரம் நிற்கும்.

மழை பெய்து முடிந்ததும் ஆடலாமா? (பிடோக்)

தண்ணீர் தேங்காவிட்டால் ஆடலாம். டிசம்பர், ஜனவரியில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஈரத் தரையில் பந்து விழுந்த இடத்திலேயே பதிந்து நின்றுவிடும். ஜாக்குக்கு ஒரு முழம் முன்னால் குறி வையுங்கள். அரை மணி வெயில் அடித்தால் மேல்பகுதி காய்ந்து அதே களம் வேறு களமாகிவிடும், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கைத் திருத்த வேண்டும். சேறு ஒட்டிய பந்து கையில் வழுக்கும். துணி இல்லாமல் போகாதீர்கள்.

இன்னொன்று: வீசுமுன் முந்தைய பந்து பறித்த குழி ஒன்றை மட்டும் மூடலாம். ஒரு மழைநாளில் 12-11 என்று முன்னிலையில் இருந்தேன், வெற்றிக்கான 13-க்கு இன்னும் ஒரே புள்ளி. எதிராளி பறித்த குழி நான் குறிவைத்த இடத்திலேயே இருந்தது. காலால் தள்ளி மூடச் சோம்பல்பட்டேன். என் கடைசிப் பந்து நேராக அதில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

களம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது ஐயா. (உட்லண்ட்ஸ்)

மேட்டுப் பக்கம் குறி வையுங்கள். வேகம் குறையக் குறையப் பந்து அதிகமாக இறங்கும். உயரத் தூக்கிப் போட்டால் தரையில் ஓடும் தூரம் குறைவு, சாய்வின் தொல்லையும் குறைவு.

அடித்துத் தள்ளும்போது என் பந்து எதிராளியின் பந்துக்கு மேலே துள்ளிப் போகிறது.

கல் கிடக்கும் தரையில் முன்னால் விழுந்து வழுக்கிப் போய் அடிக்கலாம் என்று நினைப்பதால் வருவது. சமதரையில் அது பலிக்கும். கற்களில் இரும்பு இரும்பையே தொட வேண்டும், தரையைத் தொடாமல். கோலிக்குண்டில் மேலிருந்து சுண்டி அடித்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

ஜாக்கை எங்கே வீசுவது? (செங்காங் அக்கா)

நல்ல கேள்வி அக்கா. 6-லிருந்து 10 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் வீசலாம். பெரும்பாலோர் பழக்கத்தில் எட்டு மீட்டரில் போட்டுவிடுகிறார்கள். எதிரணி உருட்டுபவர்களா? நடுவே கல் கிடக்கும் பக்கம் போடுங்கள். அவர்களில் நன்றாக அடிப்பவர் இருக்கிறாரா? பத்து மீட்டருக்குத் தள்ளுங்கள். சுற்றை வென்ற அணிதான் அடுத்த ஜாக்கை வீசுகிறது, அதாவது தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு.

கடற்கரை மணலில்?

ஆடலாம். உருட்ட முடியாது, அவ்வளவுதான்.

சரி, எந்தப் பந்து?

போட்டிப் பந்துக்கு எடை 650-லிருந்து 800 கிராம், விட்டம் 70.5-லிருந்து 80 மில்லிமீட்டர். முதலில் உங்கள் கைக்கு அடங்கும் விட்டத்தைப் பாருங்கள். இறுகிய களத்தில் அதிகம் ஆடுபவர்கள் மிருதுவான எஃகுப் பந்து எடுக்கலாம், துள்ளல் குறைவு. நான் வைத்திருப்பது வரி போட்ட பந்து, விரலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. கடைக்குப் போனால் துணியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.