முதல் மேக்கப் பை: தாடி நிழலும் திங்கட்கிழமைக் கண்மையும்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தனியாக இருக்கும்போது புடவை கட்டிக்கொள்வது எனக்குப் பல வருடப் பழக்கம். மனைவிக்குத் தெரியும், தடை சொல்வதில்லை. ஆனால் அவரே பவுடரும் பொட்டும் தவிர எதுவும் போடாதவர் என்பதால் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக், கண்மை, கிளிட்டர் என்று 3,200 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். போட்டால் முகம் சாம்பல் பூசியது மாதிரி இருக்கிறது, தாடி இருக்கும் இடம் மட்டும் பச்சையாகத் தெரிகிறது. போதாததற்கு, திங்கட்கிழமை ஆபீஸில் ஒருவர் “என்ன சார், கண்ணுக்கு மையா?” என்று கேட்டுவிட்டார். எதை வாங்க வேண்டும், எப்படிப் போட வேண்டும், எப்படி முழுசாக எடுக்க வேண்டும்?

பதில்: முதலில் ஒன்று. உங்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை, கையிலும் இல்லை. வாங்கிய நிறம்தான் தப்பு. ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் தடவிப் பார்த்து, ‘கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் நல்லதுதானே’ என்று எடுத்திருப்பீர்கள். சரிதானே? முதல்முறை வாங்க வருகிற பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள். மாநிற முகத்தில் இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனைப் போட்டால் அது வெளுப்பாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். ‘ஃபேர் அண்ட் லவ்லி’யே 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் கை மட்டும் இன்னும் அந்தப் பக்கமே போகிறது.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டுகிறவர்களுக்கு மேக்கப் போட்டிருக்கிறேன். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, காளியாகவும் குறத்தியாகவும் புதுப்பெண்ணாகவும் வேடம் போடுகிற ஆண்களின் முகத்தில்தான் என் கை பழகியது. மீன்பிடிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், வாத்தியார் என்று எல்லாரும் வருவார்கள். ஆணின் முகத்தில் எது நிற்கும், எது வழியும் என்று அங்கேதான் கற்றேன். நாடக மேடையிலும் இது புதிதல்ல. டி.கே.சண்முகம் ஔவையாராக நடித்தே ‘ஔவை’ சண்முகம் ஆனார். உங்களுடையது நேர்த்திக்கடனும் அல்ல, நாடகமும் அல்ல, உங்கள் விருப்பம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. புடவை கட்டுவதாலேயே ஒருவர் திருநங்கை என்றும் ஆகிவிடாது, அது வேறு விஷயம். நீங்கள் அதைக் கேட்கவில்லை, எனவே மேக்கப்புக்கு வருகிறேன்.

பச்சையாகத் தெரிகிற தாடிதான் உங்கள் முதல் பிரச்சினை. எவ்வளவு வழித்தாலும் முடியின் கறுப்பு வேர் தோலுக்கு அடியில் இருக்கத்தான் செய்யும். தோல் வழியாகப் பார்க்கும்போது அது நீலமாக, மாநிறத்தில் பச்சை கலந்த சாம்பலாகத் தெரியும். அதன் மேல் தோல் நிற ஃபவுண்டேஷனை எத்தனை அடுக்கு பூசினாலும் நீலம் மேலே எட்டிப் பார்க்கும். நீலத்தை அடக்குவது ஆரஞ்சு. நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு நேர் எதிரே இருப்பது அதுதான். கடையில் ‘ஆரஞ்சு கரெக்டர்’ என்று கேளுங்கள், ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுவது அது. நல்ல சிவப்பு நிறத்தவர்களுக்குப் பீச் நிறம் போதும், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஆரஞ்சேதான் வேண்டும். கையில் காசு குறைவென்றால் ஆரஞ்சு கலந்த சிவப்பு லிப்ஸ்டிக்கையே விரலில் எடுத்து மெல்லிசாக ஒற்றிக்கொள்ளலாம். தசரா நேரத்தில் கரெக்டர் தீர்ந்துபோனால் நாங்கள் அதைத்தான் செய்வோம்.

கரெக்டருக்கு முன்னால் ஷேவிங். புது பிளேடு போடுங்கள். வெந்நீரில் முகம் கழுவி, நுரை போட்டு, முடி வளரும் திசையிலேயே ஒருமுறை வழியுங்கள். மறுபடி நுரை போட்டுக் குறுக்குவாட்டில் ஒருமுறை. எதிர்த்திசையில் அழுத்தி வழித்தால் அன்றைக்கு மழமழவென்று இருக்கும், மூன்றாம் நாள் முடி உள்ளேயே சுருண்டு கொப்புளம் கிளம்பும். நம்மில் சுருட்டைத் தாடி உள்ளவர்களுக்கு இது அதிகம். படிகாரம் தேய்க்கிற பழக்கம் இருந்தால் தேய்த்த பிறகு கழுவிவிடுங்கள். அது காய்ந்து நின்ற தோலில் ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாக ஒட்டும். ஆஃப்டர் ஷேவ் அன்று வேண்டாம். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அதற்குள் புடவையை மடித்துத் தயாராக வைக்கலாம்.

மீசையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு நீண்ட விடுமுறையின் முதல் நாள் எடுங்கள், அப்புறம் எப்போதும் மழித்தே இருங்கள். நம் ஊரில் மீசை எடுத்தவனிடம் ‘வீட்டில் ஏதாவது துக்கமா, திருப்பதியா’ என்று இரண்டு நாள் கேட்பார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். அடிக்கடி எடுத்து வளர்த்தால்தான் கேள்வி ஓயாது. மீசை இருந்த இடம் மற்ற இடத்தைவிட வெளுத்திருக்கும், வேரும் அடர்த்தியாக இருக்கும். கரெக்டரில் பெரும்பங்கு அங்கேதான் போகும்.

போடும் விதம் இதுதான். அரைப் பட்டாணி அளவு கரெக்டரை விரலில் எடுத்து மேல் உதடு, முகவாய், தாடை ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். அந்த இடம் ஆரஞ்சாகவே தெரியும், பயப்பட வேண்டாம். அதன் மேல் நிறமில்லாத டிரான்ஸ்லூசென்ட் பவுடரைப் பஃப் கொண்டு அழுத்தி எடுங்கள். இந்தப் படியைத்தான் முதல்முறை போடுகிற எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பவுடர் போட்டு நிலைநிறுத்தாவிட்டால் மேலே போடும் ஃபவுண்டேஷன் கரெக்டரோடு கலந்து முகமெல்லாம் ஆரஞ்சாகிவிடும். பிறகு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஃபவுண்டேஷனை மூக்கருகிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றிக்கொண்டே போங்கள். காதுக்குக் கீழேயும் கழுத்திலும் மிச்சத்தைத் தேய்த்து மறையவிடுங்கள். இல்லையென்றால் தாடையோடு முகமூடி மாட்டியது போலாகிவிடும். கடைசியில் இன்னொரு சுற்று பவுடர். ஆண்களின் தோல் பொதுவாகக் கொஞ்சம் தடிப்பு, எண்ணெயும் கூடுதல். அதனால் ‘ட்யூயி’ என்று பளபளப்பாக வருவதை விட்டுவிட்டு ‘மேட்’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

சரி, நிறத்தை எப்படிப் பார்ப்பது? மணிக்கட்டில் வேண்டாம், புறங்கையில் வேண்டவே வேண்டாம். வண்டி ஓட்டுகிற கைக்கும் முகத்துக்கும் ஒரே நிறம் இருக்காது. தாடை எலும்பில் தொடங்கிக் கழுத்து வரை மூன்று நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கோடாக இழுத்து, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கடைக்குள் இருக்கிற வெள்ளை விளக்கு எல்லாரையும் ஏமாற்றும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அது உங்களுடையது. உடனே பில் போடாமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பல ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டு இருபது நிமிடத்தில் ஒரு படி கறுக்கும். நம் தோலில் பெரும்பாலும் மஞ்சள் சாயல் இருப்பதால் ‘வார்ம்’, ‘கோல்டன்’ என்று எழுதியவற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள். ரோஸ் கலந்தவை பலருக்குச் சாம்பலடிக்கும்.

கடையில் கேட்க வெட்கமாக இருக்கிறது என்பதை நீங்கள் எழுதாமலே புரிந்துகொண்டேன். 3,200 ரூபாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர் வேறு எப்படி இருப்பார்? ஞாயிறு மாலை போகாதீர்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, கவுண்டரில் இருப்பவர்களுக்கும் பொறுமை இருக்கும். “எனக்குத்தான், தாடி நிழல் மறையணும்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இப்போது மாப்பிள்ளைகளும் போட்டோவுக்காக இதையே கேட்டு வருகிறார்கள், அவர்களுக்கு இது புதிதல்ல. ‘மனைவிக்கு’ என்று சொன்னால் மனைவியின் நிறத்தைக் கேட்பார்கள், கதை அங்கேயே மாட்டிக்கொள்ளும். நேரில் முடியவே முடியாது என்றால் நைக்கா போன்ற தளங்களில் வாங்கலாம். ஆனால் முதல் ஃபவுண்டேஷனை மட்டுமாவது நேரில் பார்த்து வாங்குங்கள்.

முதல் பைக்கு எட்டுப் பொருள் போதும்: மாய்ஸ்சரைசர், ஆரஞ்சு கரெக்டர், ஃபவுண்டேஷன், பவுடர், ஸ்பாஞ்ச், கண்மை, மஸ்காரா (இமை முடிக்குப் பூசும் மை), லிப்ஸ்டிக். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற லாக்மே, மேபெலின் வகையில் எடுத்தால் சுமார் 2,000 முதல் 2,500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். கண்மைக்கு நம் ஊர் ஐடெக்ஸே போதும். மேடைக்காரர்கள் பயன்படுத்துகிற க்ரையலான் டிவி பெயின்ட் ஸ்டிக் தாடியை ஒரே பூச்சில் மூடிவிடும், எனக்குப் பிடித்த சரக்கும்கூட. ஆனால் அது பெர்லினில் 1945இல் தொடங்கிய மேடை ஒப்பனை நிறுவனத்தின் பொருள். விளக்கு வெளிச்சத்துக்கும் கேமராவுக்கும் செய்தது. பழகாத கையில் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து வாங்குங்கள்.

நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெரிய பெயர்களைத் தொடாதீர்கள். பெட்டியில் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, உரிம எண், காலாவதி ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஏழே நாளில் வெளுப்பு’ என்று விற்கிற பெயரில்லாத கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். முகப்பூச்சுகளில் அதைச் சேர்ப்பதற்கு நம் நாட்டில் தடை உண்டு, இருந்தும் சந்தையில் நுழைந்துவிடுகிறது. புதிதாக வாங்கியதைக் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒரு நாள் விட்டு, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போங்கள்.

கண். கீழ் இமையின் உள்விளிம்பில் மை அப்பியிருப்பீர்கள். ஆபீஸில் மாட்டிவிட்டது அதுதான். அந்த இடத்தில் தீட்டினால் கண் சின்னதாகவும் தெரியும், கண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கவும் செய்யும். மேல் இமையின் முடி வேரோரத்தில் ஐந்தாறு புள்ளி வைத்து, பிறகு புள்ளிகளை இணையுங்கள். ஒரே இழுப்பில் கோடு போடுவது எங்களுக்கே எல்லா நாளும் வராது. புருவத்தைத் திரெடிங்கில் வில்லாக வளைத்துவிடாதீர்கள், வளர ஒன்றிரண்டு மாதமாகும். புருவத்துக்குக் கீழே தனியாகத் திரிகிற முடிகளை மட்டும் எடுத்துவிட்டு, மேலோரத்தில் பென்சிலால் லேசாக உயர்த்தினால் போதும், வித்தியாசம் தெரியும். வீட்டில் முதல் சில முறை பாதி முகத்துக்கு மட்டும் போட்டுப் பழகுங்கள். போட்ட பாதியும் போடாத பாதியும் ஒரே கண்ணாடியில் நின்றால் எது கூடுதல் என்று கண்ணே சொல்லிவிடும்.

லிப்ஸ்டிக்கில் சட்டென்று ரத்தச் சிவப்புக்குப் போகாமல் செங்கல் நிறம், மரவண்ணம், அடர் ரோஸ் இப்படித் தொடங்கலாம். குச்சி லிப்ஸ்டிக் மட்டும் வாங்குங்கள். ‘16 மணி நேரம் நிற்கும்’ என்று வருகிற திரவ லிப்ஸ்டிக், சொன்னபடியே நிற்கும். ஞாயிறு இரவு போட்டவருக்குத் திங்கள் காலை அதுவே வினை. கிளிட்டர் பொடியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அது தலையணையில் ஏறும், துண்டில் ஏறும், புதன்கிழமை உங்கள் காதோரத்தில் மின்னும்.

இனி எடுப்பது. சோப்பால் போகாது. கண்மையும் லிப்ஸ்டிக்கும் எண்ணெயும் மெழுகுமாகச் செய்தவை, எண்ணெய்தான் அவற்றை இளக்கும். முதலில் கண். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மூடிய இமை மேல் அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒரே துடைப்பு. தேய்த்தால் மை கண்ணுக்குள் போகும். இமை முடி வேரில் நிற்பதைக் காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் எண்ணெய் தொட்டு எடுங்கள். அடுத்து முகம் முழுக்க எண்ணெய் தடவி ஒரு நிமிடம் தேய்த்து, டிஷ்யூவால் துடைத்துவிட்டு, ஃபேஸ்வாஷ் இரண்டு தடவை. முகப்பரு உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் மேக்கப் துடைக்கிற மைசெல்லர் வாட்டர் வாங்கிக்கொள்ளட்டும்.

மூக்கோரம், முடி தொடங்கும் இடம், காதுக்குப் பின்பக்கம், கழுத்து மடிப்பு ஆகிய நான்கு இடங்களில்தான் ஃபவுண்டேஷன் ஒளிந்திருக்கும். தூங்கி எழுந்ததும் மிச்ச மை இமையிலிருந்து கீழே இறங்கியிருக்கும், எனவே காலையிலும் எண்ணெய்க் குச்சியால் ஒருமுறை துடையுங்கள். ஆபீஸ் சட்டையை மாட்டுவதற்கு முன்னால் வெள்ளை டிஷ்யூவை நனைத்துக் கழுத்தைச் சுற்றி இழுங்கள். அதில் பழுப்பு ஏறவில்லை என்றால் காலரிலும் ஏறாது.