கண்ணை ஆராயப் போகிறேன் என்கிற மகளும், பயந்துபோன அம்மாவும்

வெல்லாவெளியிலிருந்து வந்த அம்மாவுக்கு,

போன கிழமை மகளோடு வந்து, "டொக்டருக்குப் படி என்றால் கண்ணில் வாற கிருமியை ஆராயப் போறன் என்கிறாள், இதுக்கெல்லாம் வேலை இருக்கா சேர்?" என்று கேட்டீர்கள். வெளியில் ஆட்கள் காத்திருந்ததால் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ஆசை எங்கே தொடங்கியது என்று மகளே சொன்னாள். வெள்ளாமை வெட்டின நேரம் தகப்பனின் கண்ணில் நெற்பதர் பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமாவின் சிவந்த கண்ணுக்குச் சுகம் கொடுத்த ஸ்டீரொயிட் துளிமருந்தையே அவரும் விட, கருவிழியில் வெள்ளை விழுந்துவிட்டது. "மாமாவுக்கு நல்லாக்கின மருந்து அப்பாவுக்கு ஏன் கெடுத்தது?" என்கிறாள். அம்மா, கண் ஆராய்ச்சியாளர்கள் ஆயுள் முழுக்கத் துரத்துகிற கேள்வி இதுதான்.

கண் கிருமியாலும் சிவக்கும். உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே கண்ணைத் தாக்கினாலும் சிவக்கும். கண்ணின் உள்ளே வரும் அப்படியான அழற்சியை யுவியைட்டிஸ் என்பார்கள். ஸ்டீரொயிட் அதை அடக்கிப் பார்வையைக் காப்பாற்றும். கருவிழியில் பங்கசு, அதாவது பூஞ்சை, பிடித்திருக்கும்போது அதையே விட்டால் பங்கசு இன்னும் ஆழமாகப் போகும். காசநோயும் ஹேர்பிஸ் வைரசும்கூட யுவியைட்டிஸைக் கொண்டு வரும் என்பதால் பிரித்தறிவது இன்னும் சிக்கல். அதனால்தான் கண்ணின் முன்பகுதியிலிருந்து 0.1 மில்லிலீற்றர், அதாவது இரண்டு துளி அளவு நீரை எடுத்து, பிசிஆர் என்ற ஆய்வுகூடச் சோதனை மூலம் கிருமியின் டிஎன்ஏயைத் தேடுகிறார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினரும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஒரு ஆய்வு 2013 இல் வெளிவந்தது. கருவிழியில் பங்கசு பிடித்த 323 பேரில் ஒரு பாதிக்கு நட்டமைசின் என்ற பழைய மருந்து, மற்றப் பாதிக்கு வொரிகொனசோல் என்ற புதிய மருந்து. பழைய மருந்து விட்டவர்களுக்கே பார்வை நன்றாகத் திரும்பியது. வயலில் கண்ணில் அடிபட்டு வருகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதை இப்படி ஆட்களை வைத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும். நம் வயல் வட்டைகளுக்கு இதைவிட நெருக்கமான ஆராய்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, பாதைக்கு வருவோம். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எடுக்கட்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வந்தால் மருத்துவ பீடம்தான் நல்ல வழி. மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அப்புறம் கொழும்பில் கண் மருத்துவத்தில் எம்டி என்ற பட்டமேற்படிப்பு. நீண்ட பாதைதான், ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்யலாம்.

புள்ளி வராவிட்டால் மூன்றாம் முறையும் எழுது என்று வற்புறுத்தாதீர்கள். அப்படி வருடங்களைத் தொலைத்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ உயிரியல் விஞ்ஞானம் படிக்கலாம், யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கலாம். அந்த இரண்டு துளி நீரைச் சோதிப்பவர்கள் இவர்கள்தான். ஒன்றை மறைக்கக் கூடாது: ஆராய்ச்சி மட்டுமே செய்கிற வேலைகள் நம் நாட்டில் குறைவு. பெரும்பாலும் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்துகொண்டோ, புலமைப்பரிசிலில் வெளிநாடு போய் கலாநிதிப் பட்டம் எடுத்தோதான் செய்ய வேண்டும். அதற்கு ஆங்கிலம் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, அதனால் பரீட்சை முடிவு வரும்வரை சும்மா இருக்கிற இந்த மாதங்களிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது மகளின் தகப்பனையும் கூட்டி வாருங்கள். அதற்கு முதல் அவரை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் காட்டிவிடுங்கள், விட்ட துளிமருந்துப் போத்தலையும் மறக்காமல் கொண்டு போகச் சொல்லுங்கள்.