பட்டாவில் அப்பா, தோட்டத்தில் நான்

கேள்வி: பாலக்கோடு பக்கம் 3 ஏக்கரில் தக்காளி போடுகிறேன். சொட்டுநீர் மானியம் கேட்டால், பட்டா என் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். பட்டா, காலமான அப்பா பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, வேளாண் பொறியியல் துறையில் இருந்தபோது என் மேசையில் அதிகம் தூங்கியது உங்களுடையது மாதிரி மனுக்கள்தான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு போடுங்கள். அண்ணன் தம்பிகள் இருந்தால் கூட்டுப் பட்டாதான் வரும். தனிப் பட்டா வேண்டுமானால் பாகப்பிரிவினையைப் பதிவு செய்ய வேண்டும். கிணறு யார் பாகம் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பென்னாகரத்தில் இரண்டு வருடம் கிணற்றுச் சண்டையில் போன கோப்பு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று. 5 ஏக்கருக்குள் என்றால் மானியம் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. அடங்கல் (கிராமக் கணக்கில் உள்ள சாகுபடிப் பதிவு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

ஒன்று மட்டும்: நாற்று முற்றுகிறதே என்று பணி ஆணை வருமுன் குழாயைப் பதித்துவிடாதீர்கள். ஆய்வுக்குப் போய், பதித்த குழாயைப் பார்த்துவிட்டு மனுவை நானே தள்ளியிருக்கிறேன். அந்தப் பெரியவர் கொடுத்த மோரைக் குடிக்கத்தான் கூச்சமாக இருந்தது.