வேரியன்ட் கான்ஃபிகரேஷன்: மாநாட்டுக்குச் செல்வோர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நிறுவனங்களின் அன்றாட வணிக வேலைகளை நடத்தும் எஸ்ஏபி மென்பொருளில், ஒரே தயாரிப்பை வாடிக்கையாளரின் தேர்வுக்கேற்பப் பல வகைகளாக அமைத்துத் தரும் வேலைக்கு வேரியன்ட் கான்ஃபிகரேஷன் என்று பெயர். அதைச் செய்பவர்களுக்கென்றே இயங்கும் பயனர் குழு கான்ஃபிகரேஷன் ஒர்க்குரூப், சுருக்கமாக சிடபிள்யூஜி. அதன் மாநாட்டுக்கு முதன்முறையாகச் செல்ல விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (புதிதாக இத்துறைக்கு வந்துள்ள ஆலோசகர்): எஸ்ஏபி நிறுவனமே பெரிய மாநாடுகளை நடத்துகிறது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் டிஎஸ்ஏஜி, அமெரிக்காவின் ஏஎஸ்யுஜி போன்ற பயனர் சங்கங்களும் உள்ளன. அப்படியிருக்க, இந்தச் சிறு குழுவின் மாநாடு எதற்கு?

பதில்: பெரிய மாநாடுகளில் நிதி, கொள்முதல், மனிதவளம் என எல்லாத் துறையினரும் கூடுவதால், நம் துறைக்கு ஓரிரு அமர்வுகள் கிடைத்தாலே பெரிது. அங்கே மேடையேறுபவை பெரும்பாலும் வெற்றிக் கதைகள். சிடபிள்யூஜி கூட்டத்திலோ பம்பு, லாரி, லிஃப்ட், ஜன்னல் போன்றவற்றை ஆர்டருக்கேற்பத் தயாரிக்கும் நிறுவனங்களில் தயாரிப்பின் தேர்வுகளையும் விதிகளையும் மென்பொருளில் மாடலாக எழுதும் மாடலர்கள், ஆலோசகர்கள், அந்த மென்பொருளை எழுதும் எஸ்ஏபி பொறியாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே விஷயத்தை நாள் முழுவதும் பேசுகிறார்கள். உங்கள் நிறுவனத்தில் இந்த வேலையைச் செய்பவர் அநேகமாக நீங்கள் ஒருவராகவோ இருவராகவோதான் இருப்பீர்கள். உங்கள் சிக்கலைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது. அங்கே பாதி சொல்வதற்குள்ளேயே எதிரில் இருப்பவர் மீதியைச் சொல்லிவிடுவார். செல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

கேள்வி (பொறியியல் மாணவி): தயாரிப்பின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மெட்டீரியல் எண் (எஸ்ஏபியில் ஒரு பொருளைக் குறிக்கும் எண்) கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராதல்லவா, ஐயா?

பதில்: ஒரு பம்புக்கு உறையின் உலோகம், சீல் வகை, மோட்டார் திறன், மின்னழுத்தம் என்று பத்துப் பண்புகள் இருப்பதாகவும், ஒவ்வொரு பண்புக்கும் ஐந்து மதிப்புகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைகள் 97 லட்சத்து 65 ஆயிரத்து 625 ஆகின்றன. அவற்றில் பெரும்பகுதி யாரும் ஒருபோதும் கேட்காதவை. ஒரு பகுதி செய்யவே முடியாதவை. எனவே கான்ஃபிகர் செய்யத்தக்க ஒரே மெட்டீரியலை வைத்துக்கொண்டு, எல்லா உதிரிபாகங்களும் அடங்கிய ஒரே சூப்பர் பிஓஎம் (பிஓஎம் என்றால் உதிரிபாகப் பட்டியல்), எல்லா வேலைப்படிகளும் அடங்கிய ஒரே ரவுட்டிங் ஆகியவற்றை அதனோடு இணைக்கிறோம். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மதிப்புகளுக்கேற்ப அவற்றிலிருந்து வேண்டியவை மட்டும் பிரிந்து வருகின்றன. அடிக்கடி விற்கும் சில சேர்க்கைகளுக்கு மட்டும் தனி எண் கொடுத்து, மெட்டீரியல் வேரியன்ட்டாக இருப்பில் வைக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது.

கேள்வி (மூன்றாண்டு அனுபவமுள்ள மாடலர்): எங்கள் குழுவில் எல்லா விதிகளையும் புரொசீஜராகவே, அதாவது வரிசையாக ஓடி மதிப்பை இடும் கட்டளைகளாகவே எழுதுகிறோம். அது வேலையும் செய்கிறது. கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது பண்புகளுக்கிடையே எப்போதும் பொருந்த வேண்டிய உறவு, எழுத வேண்டும் என்று மாநாடுகளில் திரும்பத் திரும்பச் சொல்வது ஏன்?

பதில்: வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மோட்டார் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதில் 400 வோல்ட் என்றால் 50 ஹெர்ட்ஸ், 460 வோல்ட் என்றால் 60 ஹெர்ட்ஸ் என்று இரண்டே வரிகள் இருக்கட்டும். "அதிர்வெண் 60 என்றால் மின்னழுத்தம் 460" என்று நீங்கள் புரொசீஜர் எழுதுகிறீர்கள். அதிர்வெண்ணை முதலில் சொல்லும் வாடிக்கையாளருக்கு அது சரியாக வேலை செய்யும். அடுத்தவர் மின்னழுத்தத்தை முதலில் சொல்கிறார். அவருக்காக எதிர்த்திசையில் இன்னொரு புரொசீஜர் எழுதுகிறீர்கள். பிறகு ஒருவர் மதிப்பை மாற்றும்போது இந்த இரண்டும் ஒன்றையொன்று மீறத் தொடங்குகின்றன. எஸ்ஏபியின் பழைய கான்ஃபிகரேஷன் இயக்கமான எல்ஓ-விசியில் புரொசீஜர்கள் ஒரு வரிசையில் ஓடுகின்றன: முதலில் கான்ஃபிகரேஷன் புரொஃபைலில் (அந்த மெட்டீரியலை எப்படிக் கான்ஃபிகர் செய்வது என்பதை வைத்திருக்கும் பதிவில்) உள்ளவை, பிறகு பண்புகளில் உள்ளவை, பிறகு மதிப்புகளில் உள்ளவை. அந்த வரிசையை மனத்தில் வைத்திருப்பவர் வேலையை விட்டுப் போய்விட்டால், மாடலைத் தொடவே மற்றவர்கள் அஞ்சுவார்கள்.

கன்ஸ்ட்ரெயின்ட்டில் இந்த வரிசை என்ற பேச்சே இல்லை. எந்தப் பொருள்களைப் பற்றிப் பேசுகிறோம், எந்த நிபந்தனையில், எது உண்மையாக இருக்க வேண்டும், எதை அனுமானிக்கலாம் என்று நான்கு பகுதிகளாக அதை எழுதுகிறோம். மேற்சொன்ன இரண்டு வரிகளையும் ஒரு வேரியன்ட் டேபிளில் வைத்து, கன்ஸ்ட்ரெயின்ட்டிலிருந்து அந்த டேபிளை அழைத்து, இரண்டு பண்புகளையும் அனுமானப் பகுதியில் குறித்துவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மறுபக்கம் தானாகவே நிரம்பும். மதிப்புகளின் பட்டியல் திரையில் சுருங்கி வர வேண்டுமானால், பண்பை உருவாக்கும் இடத்தில் மதிப்புகளைச் சுருக்க அனுமதிக்கும் குறியீட்டையும் இட வேண்டும். அதை மறந்துவிட்டு, கன்ஸ்ட்ரெயின்ட் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. புதிய மோட்டார் ஒன்று வந்தால் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் போதும். தயாரிப்புப் பொறியாளரே அதைச் செய்துகொள்வார். புரொசீஜர்களை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கேற்ப விலையைக் கூட்டிக் குறைக்கும் வேரியன்ட் கண்டிஷனைக் கணக்கிடுவதற்கும், பயனர் மாற்றிக்கொள்ளக்கூடிய இயல்பு மதிப்பை முன்வைப்பதற்கும் அவையே உரியவை. ஆனால் தயாரிப்பின் பொறியியல் உண்மை கன்ஸ்ட்ரெயின்ட்டிலும் டேபிளிலும்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: செலக்‌ஷன் கண்டிஷன், ப்ரீகண்டிஷன் இரண்டையும் எப்போதும் குழப்பிக்கொள்கிறேன்.

பதில்: பண்பிலோ மதிப்பிலோ ப்ரீகண்டிஷன் இருந்தால், அது நிறைவேறாதவரை அந்தப் பண்பு அல்லது மதிப்பு அனுமதிக்கப்படாது. செலக்‌ஷன் கண்டிஷன் பண்பில் இருந்தால், அது நிறைவேறும்போது அந்தப் பண்பை நிரப்புவது கட்டாயமாகும். பிஓஎம் வரியில் இருந்தால், அது நிறைவேறும்போது மட்டுமே அந்த உதிரிபாகம் எடுக்கப்படும். பிஓஎம் வரியில் செலக்‌ஷன் கண்டிஷனே இல்லையென்றால் அந்தப் பாகம் எல்லா ஆர்டருக்கும் வரும். ஒரே பம்புக்கு இரண்டு மோட்டார்கள் பணிமனைக்கு வந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நாற்பது மோட்டார்களுக்கு நாற்பது கண்டிஷன்கள் எழுத நேர்ந்தால், அவற்றுக்குப் பதிலாக ஒரு கிளாஸ் வரியை (மோட்டார்களின் வகுப்பைக் குறிக்கும் பிஓஎம் வரியை) வைத்து, பண்புகளின் அடிப்படையில் பொருத்தமான மோட்டாரைத் தேடவிடுங்கள்.

கேள்வி (ஒரு தொழிற்சாலையின் ஐடி மேலாளர்): நாங்கள் இன்னும் எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசியில் இருக்கிறோம். புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவுக்கு மாறும்போது புதிய கான்ஃபிகரேஷன் இயக்கமான ஏவிசிக்கும் மாறியே ஆக வேண்டுமா? மாநாட்டில் இதைப் பற்றி என்ன கேட்டு வர வேண்டும்?

பதில்: ஈசிசிக்கான வழக்கமான பராமரிப்பு, உரிய மேம்பாட்டுத் தொகுப்பில் இருப்பவர்களுக்கு 2027 இறுதி வரை, கூடுதல் கட்டணத்தில் 2030 வரை. எனவே உங்கள் அவசரம் நியாயமானதே. ஆனால் இரண்டு மாற்றங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் சொந்தச் சர்வரில் இயங்கும் எஸ்/4 ஹானாவில் பழைய எல்ஓ-விசியும் இருக்கிறது, புதிய ஏவிசியும் இருக்கிறது. எது வேண்டும் என்பதைக் கான்ஃபிகரேஷன் புரொஃபைலில் தேர்ந்தெடுக்கலாம். பொதுக் கிளவுட் பதிப்புக்குச் செல்வதானால் ஏவிசி மட்டுமே.

ஏவிசியின் உள்ளே வேறொரு தீர்வு இயந்திரம் இயங்குகிறது. கன்ஸ்ட்ரெயின்ட்டுகளைக் கையாள்வதில் அது பழையதைவிட வலுவானது. ஒரு மதிப்பு ஏன் விலக்கப்பட்டது என்பதைச் சோதனைத் திரையிலேயே தேடிப் பார்க்கவும் முடிகிறது. அதேசமயம் பழைய ஆக்‌ஷன் வகை விதிகளை அது ஏற்பதில்லை. இவற்றைத் தவிர்க்கும்படி எஸ்ஏபி பல ஆண்டுகளாகவே சொல்லி வந்திருக்கிறது. இருந்தும் பழைய மாடல்களின் அடித்தட்டில் அவை இன்னும் கிடக்கின்றன. அவற்றையும், எஸ்ஏபியின் நிரல்மொழியான ஏபாப்பில் எழுதப்பட்ட வேரியன்ட் ஃபங்ஷன்களையும் முதலில் பட்டியலிடுங்கள்.

பிறகு உண்மையான பழைய ஆர்டர்களிலிருந்து ஒரு தொகுப்பை எடுத்து, ஒவ்வொன்றின் பண்பு மதிப்புகள், பிரிந்து வந்த பிஓஎம், விலை ஆகிய மூன்றையும் சேமித்து வையுங்கள். புதிய மாடலில் அதே மதிப்புகளைக் கொடுத்து மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனைக் குழு திரையைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை மட்டும் நம்பி மாற்றத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது. பணிமனைக்குச் செல்வது பிஓஎம்தான். மாநாட்டில் கேட்க வேண்டியதும் இதையொட்டியே: மாறியவர்களிடம் எந்த ஒப்பீட்டில் வேறுபாடு வந்தது, மாற்றத்தின்போது நிலுவையில் இருந்த ஆர்டர்களை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மேடையில் கேட்பதைவிட உணவு இடைவேளையில் கேட்டால் விடை விரிவாகவே கிடைக்கும்.

கேள்வி (அதே மேலாளர்): இருவரை அனுப்பத்தான் நிதி உண்டு. யாரை அனுப்பலாம்?

பதில்: மாடலர் ஒருவர், தயாரிப்பை அறிந்த பொறியாளர் ஒருவர். மாடலருக்குப் புரிந்ததைப் பொறியாளரும் அதே இடத்தில் கேட்டுவிட்டால், திரும்பி வந்த பிறகு நடக்க வேண்டிய பல மாத விவாதம் மிச்சமாகும். மேலாளராகிய நீங்கள் அடுத்த ஆண்டு செல்லலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. விதிகளை எழுதும் இந்த வேலை இனி நீடிக்குமா?

பதில்: இத்துறையே செயற்கை நுண்ணறிவிலிருந்து பிறந்ததுதான். 1978இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மாட், டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் வாக்ஸ் கணினி ஆர்டர்களைச் சரிபார்க்க ஆர்1 என்ற, விதிகளைக் கொண்டு முடிவெடுக்கும் நிபுணர் அமைப்பை எழுதத் தொடங்கினார். அதுவே எக்ஸ்கான் என்று பெயர் பெற்றது. 1986க்குள் ஏறத்தாழ 2,500 விதிகளோடு 80,000 ஆர்டர்களை அது கையாண்டிருந்தது. ஆனால் கணினி வகைகள் மாற மாற, அந்த விதிகளைப் பராமரிப்பதே தனிப் பெரும் வேலையாயிற்று. தயாரிப்பைப் பற்றிய அறிவும் அதைச் செயல்படுத்தும் வரிசையும் ஒரே விதிக்குள் கலந்து கிடந்தது அதற்கு முக்கியக் காரணம். மேலே புரொசீஜர் பற்றி நான் எச்சரித்ததும் இதே நோயைத்தான். வாடிக்கையாளரின் மின்னஞ்சலைப் படித்துப் பண்பு மதிப்புகளாக மாற்றித் தருவதற்கு இன்றைய மொழி மாதிரிகள் உதவலாம். இந்தச் சீல் இந்த அமிலத்தைத் தாங்குமா என்பதற்கான விடை மட்டும் பொறியாளர் உறுதிசெய்த மாடலிலிருந்தே வர வேண்டும். அந்த இடத்தில் ஊகத்துக்கு இடமில்லை.

கேள்வி (முதன்முறை செல்பவர்): மேடையில் பேசத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் மாடல் நிறுவனத்தின் இரகசியமும்கூட.

பதில்: மேடை தேவையில்லை. உங்களை நெடுநாளாக வருத்தும் ஒரே ஒரு சிக்கலை எடுத்து, அதற்குத் தொடர்பில்லாத பண்புகளையெல்லாம் நீக்கி, நான்கைந்து பண்புகளும் ஒரு டேபிளும் மட்டுமே உள்ள சிறு மாடலாகச் சுருக்குங்கள். பெயர்களை மாற்றிவிடுங்கள்; பம்பு மிதிவண்டியாகட்டும், விலைகளை அழித்துவிடுங்கள், கட்டமைப்பை மட்டும் அப்படியே விடுங்கள். அதை உங்கள் மேலாளரிடம் காட்டி ஒப்புதல் பெற்று, ஒரே பக்கத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். அப்படிச் சுருக்கும்போதே சிக்கல் தீர்ந்துபோவதும் உண்டு. அப்போது அடுத்த சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள்.